பதினேழு பேருக்கு ஊதியவர்

துருத்தி என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் பாட்டுக்கு நடந்துபோய்விடுவார்.

அவர் வேலை பார்த்தது பஞ்சாலையில், மூட்டை மூட்டையாக வரும் பஞ்சை இயந்திரத்தில் போட்டு அடித்துப் பிரிக்கிற அறையில். அங்கே இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் குழாய் உண்டு. நாளைக்கு நாலு தடவையாவது பஞ்சு அடைத்துக்கொள்ளும். மற்றவர்கள் கம்பியைத் தேடி ஓடுவார்கள். இவர் குனிந்து குழாயில் வாயை வைத்து, இரண்டு கன்னமும் உப்ப ஒரு ஊது ஊதுவார். மறுமுனையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் முகத்தில் ஒரு கை பஞ்சு வந்து அப்பும். பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் "இது மனுஷனா, துருத்தியா?" என்று கேட்டான். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த அறையையும் சொல்ல வேண்டும். நட்ட நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வேலை. ஜன்னல் இருந்தது, திறந்தால் காற்றில் பஞ்சு பறந்து வீணாகிறது என்று ஆணி அடித்து மூடியிருந்தார்கள். பஞ்சுத் தூசி மேலேயிருந்து கீழே விழாது, கீழேயிருந்து மேலே போகாது, நடுவிலேயே நிற்கும், மூக்கின் உயரத்தில். இருபது வயதுக்காரனும் சங்கு ஊதி வெளியே வரும்போது புருவமும் மீசையும் நரைத்துத்தான் வருவான். அடுத்த அறை கார்டிங். பிரித்த பஞ்சைச் சீவித் தடித்த திரியாக இழுக்கிற இடம். அங்கே தூசி இன்னும் பொடி, கண்ணுக்குத் தெரியாத பொடி. அவர் மனைவி அங்கேதான் வேலை பார்த்தாள்.

"ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு இருந்துச்சு. அதை ஒழுங்கா சாத்தி வச்சிருந்தா எனக்கு இந்தத் தலையெழுத்தே வந்திருக்காது" என்பாள் அவள். அவள் வாய் அப்படி. கல்யாணம் ஆன இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரை நேராக ஒரு தடவை பாராட்டியதில்லை. அவர் சாப்பிடாமல் அவள் ஒரு தடவை சாப்பிட்டதும் இல்லை.

ஆலையில் எல்லோருக்கும் ஒரு வியாதி இருந்தது. அதற்குத் திங்கள் நெஞ்சு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டு வந்தால், திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கும். இருமல் வரும், சளி வராது. புதன்கிழமை தானாகச் சரியாகிவிடும். வாரக் கடைசியில் சிங்கம் போல இருப்பார்கள். மறுபடி ஞாயிறு, மறுபடி திங்கள். "ஞாயித்துக்கிழமை வீட்டுல அப்படி என்னய்யா பண்றீங்க?" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வார்கள்.

மேஸ்திரி ஒருநாள் இதற்கு விளக்கம் சொன்னார். "லீவுதான்யா உங்க உடம்புக்கு ஆகல. பழகின இடத்தை விட்டுட்டு ஒருநாள் இருந்தா நெஞ்சு கேக்குது. ஏழு நாளும் வந்து பாருங்க, ஒண்ணும் செய்யாது."

ஏழு நாளும் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யவில்லை! திங்கட்கிழமை நெஞ்சு இறுகவே இல்லை. மேஸ்திரிக்கு வைத்தியமும் தெரியும் என்று எல்லோரும் அசந்துபோனார்கள். ஓய்வுதான் நோய் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தூசிக்குள் தாங்களாகவே போய் நின்ற ஜனம் அது. துருத்தியும் அவர் மனைவியும் இரண்டு வருடம் ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருக்கவில்லை. கொடுமையைச் சொல்கிறேன், அதற்காக மேஸ்திரிக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

பிறகு சட்டம் ஏதோ வந்ததாகச் சொன்னார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒரு நீல வண்டி ஆலை வாசலில் வந்து நிற்கத் தொடங்கியது. உள்ளே ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம், மூச்சை அளக்கிற குழாய்க்காரர் உட்கார்ந்திருப்பார். தொழிலாளிகளின் இருமல் தன் முகத்தில் தெறிக்கக் கூடாது என்று அவரே கட்டிக்கொண்ட திரை அது. திரைக்கு அடியில் அவரவர் ஆலை எண் போட்ட டோக்கனைத் தள்ள வேண்டும். ஒரு ரப்பர் குழாய் நீட்டப்படும். மூச்சை இழுத்து ஒரே தம்மில் ஊத வேண்டும். அந்தப் பக்கம் ஒரு முள் ஏறும்; அது எந்த எண்ணில் நின்றதோ அதைக் குழாய்க்காரர் எழுதிக்கொள்வார்.

முதல் வருடம் துருத்தி அறுநூற்றுப் பத்து ஊதினார். "மெஷினை ஒடச்சிராதீங்கய்யா" என்றது திரைக்குப் பின்னால் இருந்த குரல். அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே வருடம் பதினொரு பேருக்கு முள் முந்நூறைத் தாண்டவில்லை. அவர்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி வாசல் பெருக்கவும் மூட்டை எண்ணவும் அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் பத்திரமாக வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் வருடம் நீல வண்டி வருகிறது என்றதும் ஆலையில் எல்லோரும் போன வருடத்துப் பதினொரு பேரை விரல் விட்டு எண்ணினார்கள். பஞ்சு மூட்டையின் இரும்புக் கம்பியை வெட்டுகிறவர் ஒருவர், துருத்திக்குச் சேக்காளி, கத்திரி என்று பெயர். தண்ணீர்க் குழாயடியில் துருத்தியைத் தனியே மடக்கினார்.

"மச்சான், எனக்கு இந்தத் தடவை முந்நூறு தாண்டாது."

"தாண்டும்யா. நல்லா இழுத்து ஊது."

"இழுத்தா இருமல் வருது. மச்சான், அந்தத் திரைக்குப் பின்னால இருக்கிறவன் மூஞ்சியவா பாக்குறான்? டோக்கனைத்தான பாக்குறான்? என் டோக்கனைக் கொண்டுபோய் நீ ஊது. ஒரே ஒரு தடவை."

துருத்திக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கைமாற்றாகச் சட்டை கேட்டால் சட்டையைக் கொடுப்பார், நாற்காலி கேட்டால் எழுந்து கொடுப்பார். மூச்சுதானே, போனால் திரும்ப வரப்போகிறது. ஊதினார். கத்திரிக்கு நானூற்று முப்பது. கத்திரி அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார், அதுவும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. அந்த வருடமே ஆறு பேர் ஆனார்கள். அடுத்த வருடம் பன்னிரண்டு.

இதில் அவருக்குத் தொழில் நேர்த்தியும் வந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊதக் கூடாது, அகப்பட்டுக்கொள்வோம். ஒல்லியான ஆளுக்கு நானூறில் நிறுத்துவார். தடித்த ஆளுக்கு ஐந்நூறு. பெண்களுக்கு உதட்டை ஒரு ஓரமாகக் குவித்து முந்நூற்று எழுபது, எண்பது. முள்ளைப் பார்க்காமலே முள் எங்கே நிற்கும் என்று சொல்லுவார். தன் டோக்கனை எப்போதும் கடைசியில் வைத்துக்கொள்வார், வீட்டுக்காரன் விருந்தாளிகளெல்லாம் சாப்பிட்ட பிறகு உட்காருவது போல. பன்னிரண்டு பேருக்கு ஊதிவிட்டுத் தனக்கு ஊதும்போது கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். கிடைத்தது கிடைக்கட்டும் என்று ஊதிவிட்டு இறங்குவார். அவருக்குத்தான் எப்படியும் முந்நூறு தாண்டிவிடுமே.

வண்டிக்குள் அவர் எப்படி அவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்கலாம். குழாய் முனையைக் கழுவிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று அவரை அங்கே போட்டது மேஸ்திரிதான். வெந்நீர் வாளியோடு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஆள் முன்கதவில் ஏறுவான், டோக்கனைக் கொடுப்பான், இவர் ஊதுவார், அவன் பின்கதவில் இறங்குவான். மேஸ்திரி எதேச்சையாகத்தான் தன்னைப் போட்டார் என்று துருத்தி நம்பினார். வெள்ளை மனசு என்று சொல்ல வேண்டுமா, மக்கு என்று சொல்ல வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை.

நாலாம் வருடம் அவர் மனைவிக்கு மாடிப்படி ஏறினால் இரைக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் அவள் தானாக ஊதியது முந்நூற்று இருபது. இந்தத் தடவை இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"உன் டோக்கனையும் குடு" என்றார்.

"வேண்டாம். என் மூச்சை நானே ஊதிக்கிறேன்."

"முந்நூறு தாண்டலைன்னா வெளிய அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே. வீட்டுல உக்காந்து உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு என்னமோ அந்த ரூமே பிடிக்கல இப்பல்லாம்."

அவர் விடவில்லை. இன்னும் நாலு வருடம் போனால் இரண்டு பேரும் சேர்ந்தே ஓய்வு பெறலாம், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னார். ஊரில் பதினாறு பேருக்கு ஊதுகிறவன் சொந்தப் பெண்டாட்டிக்கு ஊதவில்லை என்றால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். கடைசியில் அவள் டோக்கனைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். பதினேழாவது ஆள் அவள்தான். அவளுக்கு மட்டும் அவர் கொஞ்சம் கூடுதலாக ஊதினார், ஆசையில். முந்நூற்று எழுபது, எண்பது, மறுபடி எண்பது, தொண்ணூறு. நாலு வருடம்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, வரிசையாக ஊதிக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது: "கொஞ்சம் மாத்தி மாத்தி ஊதுங்க. எல்லாம் ஒரே நம்பரா வந்தா எனக்குத்தான் தொல்லை." அன்று வீட்டுக்கு வந்து அதையும் ஒரு நகைச்சுவையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "அவனுக்குத் தெரியுமா அப்ப?" என்று கேட்டாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாவது வண்டி வந்துபோன பிறகு ஆலையில் புது இயந்திரம் இறக்கினார்கள். பழைய ஆட்கள் எல்லோரையும் மாலை போட்டு அனுப்பினார்கள். பதினேழு பேரும் நல்ல மூச்சோடு வேலையை முடித்ததாகக் காகிதம் சொன்னது. ஒன்றரை வருடத்துக்குள் அதில் மூன்று பேர் இல்லை.

அவர் மனைவி படுத்துத் தூங்க முடியாமல் ஆனாள். தலையணையை அடுக்கி, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டித்தான் பேசுவாள், திட்டுவதைக்கூடச் சுருக்கிக்கொண்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் இயந்திரம் வைத்துக்கொண்டால்தான் ஓடும் என்றார்கள். ஆலை நோய் என்று தொழிலாளர் வாரியம் சான்று கொடுத்தால் இயந்திரத்தை அவர்களே வீட்டுக்கு அனுப்புவார்கள். விலைக்கு வாங்குவதெல்லாம் இந்த இரண்டு அறை வீட்டுக்குக் கனவிலும் வராத காரியம். மனுப் போட்டார்கள். ஆலைப் பதிவைப் பார்த்துவிட்டு, நோய் ஆலையில் வந்ததாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. நேரில் சொல்ல ஏதாவது இருந்தால் வந்து சொல்லலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது.

சொல்ல இருந்தது. துருத்தி கத்திரியின் வீட்டுக்குப் போனார்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். எனக்கு இவர்தான் ஊதினார், இவர் சம்சாரத்துக்கும் இவர்தான் ஊதினார்னு."

கத்திரி கட்டிலில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். "மச்சான், என் மருமகன் இப்ப அங்கதான் வேலை பாக்குறான். நான் போய் ஆலையை ஏமாத்தினோம்னு சொன்னா அவனை அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்க. பொண்ணு மாசமா இருக்கா" என்றார்.

மற்றவர்களிடமும் போனார். ஒருவருக்கு மகன், ஒருவருக்குத் தம்பி. இன்னொருவருக்கு, பொய் சொல்லி வேலை பார்த்ததற்கு ஜெயிலில் போடுவார்கள் என்ற பயம். தப்பும் இல்லை. ஆனாலும் துருத்திக்கு எரிந்தது. பதிமூன்று வாசலில் ஏறி இறங்கிவிட்டு, சாட்சி இல்லாமல் மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

மூச்சு முட்டுகிறவர்களை விசாரிக்கிற அந்த அலுவலகத்தை மூன்றாம் மாடியில் வைத்திருந்தார்கள். அவர் மனைவி முதல் மாடியிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. நான் இங்கயே... இருக்கேன்." அவர் ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், தனக்கும் இரைக்கிறது என்பதை முதல்முறையாகக் கவனித்தார். வயசு என்று நினைத்துக்கொண்டார்.

அறையில் வாரியத்தின் டாக்டர் ஒருவர், கண்ணாடி போட்ட பெண். பக்கத்தில் ஆலை சார்பாக ஓர் அதிகாரி, முழுக்கைச் சட்டை. துருத்தி ஒன்றையும் மறைக்கவில்லை. டோக்கன், திரை, வாளி, உதட்டைக் குவித்த விதம் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. அந்த நேரத்திலும் பாருங்கள்!

அதிகாரி கோபப்படவில்லை. மனைவியின் காகிதத்தை எடுத்து வாசித்தார். "முதல்ல முந்நூத்தி எம்பது. அப்புறம் அம்பது, இருபதுன்னு கொஞ்சம் இறங்கியிருக்கு. நாலாம் வருஷத்துல இருந்து ஏறுமுகம். கடைசி வருஷம் முந்நூத்தித் தொண்ணூறு. எங்க ஆலையில இவங்க உடம்பு தேறியிருக்கு டாக்டர். வேலையை விட்டபிறகுதான் கெட்டிருக்கு. வீட்டு அடுப்புப் புகையா இருக்கலாம்."

"அது என் மூச்சுங்க" என்றார் துருத்தி. "அந்த நாலும் என்னோடது. உங்க மேஸ்திரிதான் என்னை வண்டிக்குள்ள உக்கார வச்சாரு. அந்தக் குழாய்க்காரருக்கும் தெரியும். மாத்தி மாத்தி ஊதச் சொன்னாரு."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. வாளியோடு அவரை அங்கே உட்கார வைத்தது ஆலை. நல்ல காகிதம் யாருக்கு வேண்டியிருந்ததோ அவர்களுக்குத்தான் அவர் ஏழு வருடத்தில் ஆறு வருடம் ஊதிக் கொடுத்திருக்கிறார். ஆலையை ஏமாற்றுகிறோம் என்று குழாயடியில் கண்ணடித்துச் சிரித்ததெல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"ஒரே நாள்ல பதினேழு பேருக்கு ஊதினாராம்" என்றார் அதிகாரி, டாக்டரிடம். பிறகு இவர் பக்கம் திரும்பி, ரொம்பவும் மரியாதையாக, "இங்கேயும் குழாய் இருக்கு. ஒரு தடவை ஊதிக் காட்டுங்களேன்" என்றார்.

துருத்தி எழுந்து நின்றார். மூச்சை இழுத்தார். பாதியிலேயே எங்கோ கதவு சாத்தின மாதிரி இருந்தது. இருக்கிறதை வைத்து, கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினார். இருமல் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்கித் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். இருநூற்று நாற்பது.

"இவருதான்" என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

டாக்டர் அவருடைய பழைய காகிதத்தைத் தேடி எடுத்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அறுநூற்றுப் பத்து, ஐந்நூற்று நாற்பது, ஐந்நூறு, நானூற்று ஐம்பது, நானூற்று இருபது, முந்நூற்று எண்பது, முந்நூற்று முப்பது. "உங்களுக்கு வருஷா வருஷம் இறங்கியிருக்கே. ஆலைக் காகிதமே சொல்லுது. இதை வச்சு உங்களுக்குச் சான்று குடுத்துடலாம். நீங்க ஏன் மனுப் போடலை?"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். மெஷின் வரும்."

"எனக்கு வேண்டாம்மா. அதை அவளுக்குக் குடுத்துடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்படி மாத்திக் குடுக்க முடியாதுங்க. யார் பேருக்கு நோயோ அவங்களுக்குத்தான்." அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சொன்னாள்.

பதினேழு பேருக்கு ஊதிவிட்டு மிச்சத்தைத் தன் பெயரில் ஊதியதால் அந்தக் காகிதம் கிடைத்தது. நல்ல மூச்சையெல்லாம் எடுத்து மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டார், மூச்சு இருந்தது என்பதே அவர்களுக்குக் குற்றமாகிவிட்டது. அவள் சொன்னபடி நாலாம் வருடம் அவளையே ஊத விட்டிருந்தால் முந்நூறு தாண்டியிருக்காது. வெளியே அனுப்பியிருப்பார்கள். அந்த அறையில் நாலு வருடம் குறைந்திருக்கும், காகிதமும் அவள் பக்கம் பேசியிருக்கும். இதை மூன்றாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்குவதற்குள் அவர் பத்துத் தடவை நினைத்துவிட்டார்.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஊருக்கெல்லாம் முதல் தரம். உங்களுக்கு... மட்டும் கழிவா?" என்றாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அவள் அடங்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு, "கையெழுத்துப் போட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"போய்ப் போடுங்க. பேரு... யாரு பேரா இருந்தா என்ன. முன்ன என் பேர்ல நீங்க ஊதினீங்க. இப்ப உங்க பேர்ல நான் இழுக்குறேன்."

மறுபடி இரண்டு மாடி ஏறிக் கையெழுத்துப் போட்டார்.

இயந்திரம் வந்தது. ஒரு சின்ன அலமாரி அளவு, நாள் முழுக்க உர்ரென்று ஓடும். மெல்லிய குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அவள் முதல் தடவையாகச் சாய்ந்து படுத்தாள். ஒரு வாரத்தில் வாக்கியங்கள் முழுசாக வந்தன. "அந்தத் துண்டை அங்க போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரே மூச்சில் அவள் கத்தியபோது அவர் அடுப்படியில் நின்று அழுதார்.

ஆனால் மாதம் ஒருமுறை வாரியத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். யார் பெயரில் கொடுத்தார்களோ அவர் மாட்டியிருக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட விட்டு, விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்து, படிவம் நிரப்பிக்கொண்டு போவார். வேறு யாராவது உபயோகிப்பது தெரிந்தால் அன்றே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். முதல் மாதம் அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே துருத்தி குழாயை அவள் மூக்கிலிருந்து கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். அவள் வெளியே போய், கதவை ஒட்டின மாடிப்படியில், முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். அந்த மூச்சோடு வீட்டுக்குள் இருந்தால் இயந்திரம் யாருக்கு என்று மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.

"பக்கத்து வீட்டம்மாங்களா?" என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக் உள்ளே வந்தார். "ஆமா" என்றார் துருத்தி.

இரண்டு நிமிடம் ஆனது, மூன்று நிமிடம் ஆனது. பிறகு அவர் நெஞ்சுக்குள் எத்தனையோ நாளாகச் சாத்தியிருந்த கதவு மெல்லத் திறந்தது. தோள் இறங்கியது. காற்று அடி வயிறுவரை போய்த் திரும்பியது, தகரக் குழாயை ஊதிய காலத்தில் போனது போல. இத்தனை நாள் தான் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறோம் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெக்கானிக் தண்ணீர் கேட்டார், வாங்கிக் குடித்தார், படிவத்தில் பேனா எழுதவில்லை என்று உதறினார். போய்த் தொலையேன் என்று துருத்தி நினைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று நினைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இழுத்து இழுத்து வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்டும் அப்படித்தான் நினைத்தார். அந்த நினைப்புக்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

மெக்கானிக் போனதும் அவளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். உதடு நீலமாகியிருந்தது. குழாயை மாட்டிவிட்டார். பேச வந்ததும் அவள் முதலில் கேட்டது: "எப்படி இருந்துச்சு?"

ஆறு வருடம் பதினேழு பேருக்காகப் பொய்யாக ஊதியவருக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை. "நல்லா இருந்துச்சு" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மூக்கிலிருந்த குழாய்க்குப் போனது. "அப்ப நீங்களும் கொஞ்ச நேரம்..." என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். வெளியே வந்து, அவள் உட்கார்ந்திருந்த அதே படியில் உட்கார்ந்து, தன் மூச்சு தன் பழைய அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்தார்.

அப்போது கீழே யாரோ படியேறுகிற சத்தம். இரண்டு படி, நிற்பது. இரண்டு படி, நிற்பது. திருப்பத்தில் கத்திரியின் தலை தெரிந்தது. சட்டை எலும்பில் தொங்கியது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு மூச்சு சேர்த்துக்கொண்டு நின்றார்.

"மச்சான். மெஷின் வந்திருக்காமே."

துருத்தி தலையாட்டினார்.

"எனக்கு இல்லேன்னுட்டாங்க. காகிதம் நல்லா இருக்காம். நானூத்தி முப்பது." கத்திரி சிரிக்கப் பார்த்தார். "ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்கேன். மச்சான், ஒரு பத்து நிமிஷம். ஒரே ஒரு தடவை."

பத்து நிமிடம்தான். ஆனால் இன்று கத்திரி வந்தால் நாளைக்கு மற்றவர்களும் வருவார்கள். வாரியத்துக்குத் தெரியாமல் இருக்காது. அதற்கும் மேலாக, அந்தப் பத்து நிமிடம் அவள் மறுபடி இந்தப் படியில் வந்து உட்கார வேண்டும். இவன் அன்றைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபமும் அதில் எங்கோ இருந்தது. எது எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"முடியாது" என்றார்.

கத்திரி, சரியாகக் காதில் விழாதது போல நின்றார். துருத்தி இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். கத்திரி திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலைத் துழாவி இறங்கத் தொடங்கினார். இறங்குவதற்கும் அவருக்கு நின்று நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து முழு மூச்சில் கேட்டாள் அவள்.

"யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, துருத்தி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.